தபாலுறைக்குள் வாக்குரிமை: விதிகளே காவல்

அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், 2026 ஆம் ஆண்டின் இடைத்தவணைத் தேர்தலுக்கு முன்னதாகத் தபால்மூல வாக்களிப்பை ஒழிக்கப் போவதாக 2025 ஆகஸ்ட் மாதத்தில் அறிவித்திருந்தார். மோசடிக்கு இடமளிக்கும் முறை இது என்பது அவரது நீண்டகால வாதம். ஆனால், தேர்தல்களை எங்கே, எப்போது, எவ்வாறு நடத்துவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை அந்நாட்டின் அரசியலமைப்பு மாநில சட்டசபைகளிடமே ஒப்படைத்துள்ளது. அதனை மாற்றியமைக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு. ஜனாதிபதிக்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. ஆகவே, தபால் வாக்கு நல்லதா கெட்டதா என்ற பொதுப்படையான விவாதத்தைக் காட்டிலும், அதனை நடத்துவதற்கு அம்மாநிலங்கள் வகுத்துள்ள விதிகள் எத்தகையவை என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

இவ்விடயத்தில் முன்னோடி ஒரிகன் மாநிலமாகும். 1980 களில் உள்ளூர்த் தேர்தல்களில் பரீட்சித்துப் பார்த்த இம்முறையை, 1998 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அம்மாநிலம் பொதுவிதியாக ஏற்றுக்கொண்டது. 2000 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலை முற்றிலும் தபால் மூலமாகவே நடத்திய முதல் மாநிலமும் அதுவே. வோஷிங்டன், கொலராடோ, யூட்டா, ஹவாய், கலிபோர்னியா, நெவாடா, வேர்மொன்ட் ஆகியனவும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின. கொரோனா தொற்றுக்காலமான 2020 இல் அமெரிக்க வாக்காளர்களில் சுமார் 43 சதவீதமானோர் தபால் வாக்குச்சீட்டையே பயன்படுத்தினர்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு தபாற்காரர் மீதான நம்பிக்கையில் மட்டும் நடைபெறுவதில்லை. ஒரிகனில் தேர்தல் நாளுக்கு 20 நாட்களுக்கும் 14 நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாக்குச்சீட்டுகள் அனுப்பப்படுகின்றன. வாக்காளர் முகவரி மாறியிருந்தால் அவை புதிய முகவரிக்கு அனுப்பப்படாமல் தேர்தல் அலுவலகத்துக்கே திரும்புகின்றன. வாக்காளர் வெளி உறையின் மீது கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பம் பதிவேட்டிலுள்ளதுடன் ஒப்பிடப்பட்ட பின்னரே உறை திறக்கப்படுகின்றது. உறையும் சீட்டும் வேறாக்கப்படுவதால் யார் எவருக்கு வாக்களித்தார் என்பது வெளிப்படுவதில்லை. எண்ணும் குழுவினர் அனைவரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருத்தலாகாது. முத்திரைச் செலவை 2020 முதல் மாநில அரசே ஏற்றுக்கொள்கின்றது.

எனினும் குறைகள் இல்லாமலில்லை. வட கரோலினா மாநிலத்தில் 2018 ஆம் ஆண்டு நடைபெற்ற காங்கிரஸ் தேர்தலில், வேட்பாளர் ஒருவருக்காகப் பணியாற்றியவர்கள் வீடு வீடாகச் சென்று தபால் வாக்குச்சீட்டுகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்தமை அம்பலமானது. வாக்கு வித்தியாசம் 905 மட்டுமே. மாநிலத் தேர்தல் சபை முடிவை ஏற்க மறுத்து, புதிய தேர்தலுக்கு உத்தரவிட்டது. மோசடி நிகழக்கூடும் என்பதற்கு இது உதாரணம். அதேவேளை, விதியும் அதனை அமுல்படுத்தும் துணிவும் இருந்தால் மோசடி அகப்படும் என்பதற்கும் இதுவே உதாரணம்.

மோசடியை விடவும் கவலைக்குரிய வேறொரு விடயம் உண்டு. 2020 பொதுத்தேர்தலின் வாக்குச்சீட்டுகளை ஆராய்ந்த வோஷிங்டன் மாநிலக் கணக்காய்வாளர், கறுப்பின வாக்காளர்களின் சீட்டுகள் வெள்ளையினத்தவரின் சீட்டுகளைப் போல நான்கு மடங்கு வீதத்தில் நிராகரிக்கப்பட்டதாக 2022 இல் அறிக்கையிட்டார். அலுவலர்கள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எவரும் வஞ்சகம் செய்யாமலேயே சிறுபான்மையினரின் வாக்கு குப்பைக்குச் செல்ல முடியும் என்பதே இதன் பாடம். கையொப்பம் பொருந்தவில்லையெனில் வாக்காளருக்கு அறிவித்து, திருத்திக்கொள்ள அவகாசம் வழங்கும் விதி அதனாலேயே இன்றியமையாததாகின்றது.

மொன்டானாவிலும் இதே நிலைதான். ஒருவர் பிறருடைய வாக்குச்சீட்டுகளை ஆறுக்கு மேல் சேகரிக்கலாகாது என்று அங்கு கொண்டுவரப்பட்ட சட்டத்தை 2020 இல் நீதிமன்றம் இரத்துச் செய்தது. பூர்வகுடி மக்கள் வாழும் ஒதுக்குப்புறப் பகுதிகளில் வீட்டுக்குத் தபால் வருவதில்லை. தபாலகமும் தொலைவில். பிறர் கொண்டுசென்று கொடுத்தாலன்றி அவர்களது வாக்கு பெட்டியை எட்டாது. நகரவாசிக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் விதி, குக்கிராமத்தவனுக்குத் தடையாகிவிடுகின்றது.

இவற்றை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. இலங்கையில் தபால்மூல வாக்களிப்பு பிரதானமாக அரச ஊழியர்களுக்கும் பாதுகாப்புத் தரப்பினருக்கும் உரிய வசதியாகவே இருந்து வந்துள்ளது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதற்குத் தகுதி பெற்றிருந்தனர். ஆனால், மத்திய கிழக்கில் உழைத்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி அனுப்பும் பணிப்பெண்ணுக்கு அத்தேர்தலில் அங்கிருந்தபடி வாக்களிக்க வழியிருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் வாக்காளர்களாகப் பதிவாகியிருந்த முஸ்லிம்கள் அனுபவித்த இன்னல் இன்னொரு வகையானது. 2019 நவம்பர் 16 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பதற்காக மன்னார் நோக்கிச் சென்ற அவர்களது பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது. உயிரிழப்பு ஏற்படாதது அதிர்ஷ்டமே. வாக்குச்சீட்டு வாக்காளனைத் தேடிச் சென்றிருந்தால் அப்பயணமே அவசியப்பட்டிராது.

ஆயினும், தபால் வாக்கை விஸ்தரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கூற வரவில்லை. வாக்குச்சாவடியின் மறைப்பு வீட்டில் கிடையாது. கடவுச்சீட்டைத் தன்வசம் வைத்திருக்கும் எஜமானரின் வீட்டில் பணிப்பெண்ணொருவர் எவ்வளவு சுதந்திரமாகத் தமது சீட்டை அடையாளமிட முடியும்? குடும்பத் தலைவரின் விருப்பத்துக்கு மாறாக மனைவியோ மகளோ வாக்களிக்க முடியுமா? ஒரிகனின் விதிகளும் இக்கேள்விகளுக்கு முழுமையான பதிலைத் தந்துவிடவில்லை. எனவே, வெளிநாடுகளில் தூதரகத்தில் நேரில் சென்று அடையாளமிடும் ஏற்பாடு, இடம்பெயர்ந்தோருக்கு அவர்கள் வசிக்கும் பிரதேசத்திலேயே வாக்களிப்பு நிலையம் என்பனவும் தபால் வாக்குடன் சேர்த்துப் பரிசீலிக்கப்பட வேண்டும்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் விதிகள் தேர்தல் அறிவிப்புக்கு முன்னரே, தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதப்பட்டு வெளியிடப்படுதல் அவசியம். எத்தனையாம் நாள் சீட்டு அனுப்பப்படும், நிராகரிக்கப்பட்டால் எவரிடம் முறையிடுவது, உறை திறக்கப்படும்போது எக்கட்சிகளின் முகவர்கள் சமுகமளிப்பர் என்பன வாக்காளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எத்தனை வாக்குகள் என்ன காரணத்துக்காக, எந்தப் பிரதேசத்தில் நிராகரிக்கப்பட்டன என்ற விபரமும் ஒவ்வொரு தேர்தலின் பின்னரும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். வோஷிங்டனில் அநீதி வெளிச்சத்துக்கு வந்தது அத்தகைய விபரங்கள் ஆராயப்பட்டதனாலேயே. எண்ணிக்கையில் குறைந்த சமூகங்களுக்கு ஒவ்வொரு வாக்கும் பெறுமதியானது. அது உறைக்குள் இடப்படுவதோடு கடமை முடிவதில்லை. எண்ணப்படும் வரை அதற்குக் காவலாக நிற்பது விதியே என்பதை ஆட்சியாளர்களும் தேர்தல்கள் ஆணைக்குழுவும் கவனத்தில் கொள்ள வேண்டும்.