கோட்டைக்கு வெளியே ஜெய்சல்மேர்

ஜெய்சல்மேருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். மஞ்சள் கல் கோட்டையில் போட்டோ, சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி. அவ்வளவுதான், ஊர் முடிந்தது! ஆனால், ஒரு நாள் வாடகைக்கார் எடுத்தால் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்.

காலையில் முதலில் அகல். பார்மர் சாலையில் சுமார் 17 கி.மீ. தகரக் கூரை, இரும்பு வலைக்குள் கீழே கிடப்பவை மரங்கள்தான். ஆனால், தட்டினால் கல்! சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்திருக்கிறது. மண்ணில் புதைந்த மரங்கள் கல்லாகிவிட்டன. ஒரு மரம் 13 மீட்டருக்கும் அதிக நீளம். குழந்தைகளுக்கு டைனோசர் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கல்லை எடுத்துப் பையில் போட மட்டும் விடாதீர்கள்.

அடுத்து லோதுர்வா. 1156-ல் ராவல் ஜெய்சல் புதிய கோட்டை கட்டி இடம்பெயரும் வரை இதுதான் தலைநகரம். இப்போது சமணக் கோயிலும் அதன் கல் தோரணமும்தான் பார்க்க இருக்கின்றன. அரை மணி நேரம் போதும்.

குல்தராவுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சாம் போகும் வழியில் இருக்கும் இந்த ஊரை 'பேய் கிராமம்' என்று சொல்லி விற்கிறார்கள். திவான் சலீம் சிங்கின் கொடுமைக்குப் பயந்து பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் ஊரைக் காலி செய்தார்கள், சாபமிட்டுப் போனார்கள் என்று கைடு சொல்வார். சுவாரஸ்யமான கதை. ஆனால், கூட்டம் படிப்படியாகக் குறைந்ததாகவே பதிவுகள் காட்டுகின்றன. தண்ணீர்ப் பஞ்சம், வரிச்சுமை, நிலநடுக்கம் என்று ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள்.

பேயைவிடப் பெரிய ஆச்சரியம் அங்கே வாழ்ந்தவர்களின் விவசாயம். ஆண்டுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. மழை பெய்யும் மண்ணில் கோதுமையும் கடலையும் விளைவித்தார்கள். பாறை மேட்டில் விழும் மழைநீர் வழிந்து வரும் தாழ்வான இடத்தில் மண்கரை போட்டுத் தேக்குவார்கள். தண்ணீர் வற்றியதும் ஈரத்தை நம்பி விதைப்பார்கள். 'கடீன்' என்று பெயர். நம் ஊர் ஏரிக்குள்ளேயே பயிர் வைத்தது மாதிரி! ஜெய்சல்மேர் பக்கம் இன்றும் கடீன்களில் விவசாயம் நடக்கிறது. டிரைவரிடம் கேட்டால் ஒன்றைக் காட்டுவார்.

சாம் பகுதியை ஒட்டியே 3,162 சதுர கி.மீ. பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா விரிகிறது. மணல் என்று நினைத்துப் போனால் பாதிக்குமேல் புல்லும் புதரும். இங்கேதான் கானமயில் வாழ்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை இருந்த பறவை, இப்போது இயற்கைச் சூழலில் சுமார் 150-தான். அதில் பெரும்பகுதி இந்த ஜெய்சல்மேர் மாவட்டத்தில்தான்.

15 கிலோ வரை எடை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை மந்தம். காற்றாலை, சோலார் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் தெரியும்போது விலக நேரமிருக்காது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செலவும் சிரமமும் அதிகம் என்று அரசு முறையிட, 2024-ல் உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சாம், ராம்தேவரா மையங்களில் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். அவை பறக்கப்போகும் வானத்தில்தான் கம்பிகளும் இருக்கின்றன.

பூங்காவுக்கு வனத்துறை அனுமதி வாங்கி, பாதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். தடத்தைவிட்டு ஜீப்பைப் புல்லுக்குள் இறக்கச் சொல்லாதீர்கள். கானமயில் தரையில்தான், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். பைனாகுலர், தண்ணீர், தொப்பி கட்டாயம். பறவை கண்ணில் படாமலே திரும்பவும் நேரலாம். சின்காரா மான்கள் அநேகமாக ஏமாற்றாது.