மனு கொடுத்தது போதும், தீர்மானம் எழுதுவோம்!



ரோடு கேட்டு ஒரு மனு. குடிதண்ணீர் கேட்டு ஒரு மனு. தெருவிளக்கு கேட்டு இன்னொரு மனு. ஏற்காடு ஒன்றிய ஆபீசில் கொடுத்தோம். திங்கட்கிழமை மலையிறங்கி சேலம் கலெக்டர் ஆபீசிலும் கொடுத்தோம். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. கையில் மிஞ்சியது ஒரு ரசீது. மனு வாங்கிய அதிகாரி மாறிப்போனால் மனுவும் காணாமல் போகிறது. மே மாதம் கோடை விழா வந்தால் ஏரிப்பக்க ரோடெல்லாம் பளபளக்குது. அதே மே மாதத்தில் நம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுத் தேடி அலைகிறார்கள்.

மனு என்பது தனி ஆள் கெஞ்சுவது. ஊரே கூடிப் பேசி, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டால் அது கிராம சபைத் தீர்மானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தமும், 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த உரிமை இது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். இதற்கு யாரும் நம்மை நியமிக்க வேண்டியதில்லை. ஊராட்சி மன்றத்துக்கு ஆயுள் 5 ஆண்டுதான். 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ம் தேதி நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. மன்றம் காலாவதியாகும், மக்கள் காலாவதியாக மாட்டார்கள்!

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு 4 கூட்டம் இருந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து 6 ஆக்கினார்கள். கூட்டம் செல்லுபடியாக ஆள் கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

ஆனால் நடப்பது என்ன? கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குக்கிராமத்துக்குத் தெரிவதே இல்லை. ஜனவரி 26 என்றால் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். பழத்தை விட்டுவிட்டு நாலு மைல் நடந்து போவது யார்? போன கொஞ்சப் பேரிடமும் முதலில் வெற்று நோட்டில் கையெழுத்து, அப்புறம் ஆற அமரத் தீர்மானம்! இப்படி நடக்கிற ஊர்கள் உண்டு. நாம் போகாத கூட்டத்தில் நம் பேரைச் சொல்லி யாரோ முடிவு செய்கிறார்கள்.

ரோடு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். "ரிசர்வ் காடு, ஒன்றும் செய்ய முடியாது" என்று கை விரிக்கிறார்கள். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிறோம். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) என்ன சொல்கிறது? ரோடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்ற பொது வசதிக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம் வேண்டும். ஆயிரம் மனு கொடுத்தாலும் அந்த ஒரு பரிந்துரைக்கு ஈடாகாது. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

நம் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் ஆலைக்குக் கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாம். ஒடிசாவின் நியம்கிரி மலையிலும் பாக்சைட் உண்டு. அங்கே சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 ஊர்களில் சபை கூடியது. 12-ம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசே சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. அவர்களும் நம்மைப் போன்ற மலை ஜனங்கள்தான்.

தீர்மானம் போட்ட மறுநாளே தார் ரோடு வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நிதி வேண்டும், துரத்திப் பிடிக்க ஆள் வேண்டும். ஆனால் நோட்டில் ஏறாத கோரிக்கையைத் துரத்தவே முடியாது.

எனவே தோழர்களே, அடுத்த கிராம சபைக்கு முன் செய்ய வேண்டியவை:

* ஒவ்வொரு குக்கிராமத்திலும் முன்கூட்டியே ஒரு சாயங்காலம் கூடி, முதல் தேவை எது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்துவோம். பெண்கள் பேசட்டும். தண்ணீர்க் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.
* கோரிக்கையை எழுத்தில் கொண்டு போவோம். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை வீடு என்று விவரமாக எழுதுவோம்.
* வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகே கையெழுத்து. வெற்று நோட்டில் ஒரு கையெழுத்தும் கிடையாது!
* தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பிப்போம். 30 நாளில் பதில் தர வேண்டும்.
* அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி: போன தீர்மானம் என்ன ஆச்சு?

அரசுக்கும் சொல்கிறோம். கூட்டத் தேதியையும் இடத்தையும் ஒவ்வொரு குக்கிராமத்திலும் முன்கூட்டியே தண்டோரா போட்டு அறிவி! தூரத்து ஊர்களுக்குச் சுழற்சி முறையில் கூட்டத்தைக் கொண்டு வா! நிறைவேறாத தீர்மானத்துக்கு எழுத்து மூலம் காரணம் சொல்!

வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் என ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளிலும் கூடுவோம்! கேள்வி கேட்போம்! நம் ஊர்த் தேவையை நாமே தீர்மானிப்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!