பூச்சியை ஊறப் போடுங்கள்!

ஆண்டு மலர் என்றாலே காதல் கவிதையும் நாட்டு முன்னேற்றமும்தான். நான் பைக்கில் அப்பிக்கொள்ளும் பூச்சியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கும்பகோணம் – தஞ்சாவூர் ரோட்டில் பொழுது சாய்ந்து வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வயல். மழை விட்டால் ஈசல். இல்லாவிட்டால் வெளிச்சத்தைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சி. அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் ஹெட்லைட், மட்கார்டு, ஹெல்மெட் கண்ணாடி எல்லாம் ஒரே அப்பல்தான்.

மறுநாள் காலையில் நம் சைக்கிள் ஷெட்டைப் பார்க்க வேண்டுமே! ஒருவன் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கிறான். இன்னொருவன் ஒர்க் ஷாப்பிலிருந்து பனியன் வேஸ்ட்டை எடுத்து வந்து பெட்ரோலில் நனைக்கிறான். நகத்தால் சுரண்டுகிற மகான்களும் உண்டு. பரீட்சையில் 'கடினத்தன்மை என்பது கீறலை எதிர்க்கும் தன்மை' என்று ஒன்றரைப் பக்கம் எழுதுகிறவர்களும் இவர்கள்தான்! காய்ந்த பூச்சியின் ஓடும் ரோட்டு மண்ணும் சேர்ந்தால் பெயிண்டுக்கு அது உப்புத்தாள் மாதிரி.

முட்டை காய்ந்த தட்டை நம் வீட்டில் உடனே தேய்ப்பார்களா? ஊறப் போடுவார்கள். பூச்சிக்கும் அதே கணக்குதான். இரண்டிலும் காய்ந்து ஒட்டியிருப்பது புரதம். நனைத்த பருத்தித் துணியை 10, 15 நிமிடம் அதன்மேல் போர்த்தி வையுங்கள். பிறகு ஷாம்பு தண்ணீரில் மெதுவாகத் துடைத்தால் தானாக வந்துவிடும். ஓட்டி வந்த சூட்டோடு இன்ஜினில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பெயிண்ட் போனால் போகட்டும், அது அவரவர் வண்டி. என் சண்டை ஹெல்மெட் கண்ணாடிக்காக. கண்ணாடி என்கிறோமே தவிர, அது பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். பெட்ரோலும் தின்னரும் பட்டால் மங்கிப்போகும், பொடிப்பொடியாக வெடிப்பு விடும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதலாம் ஆண்டில் அப்பாவின் ஹெல்மெட்டை நான்தான் பெட்ரோல் போட்டுத் துடைத்தேன். "சும்மா பளபளன்னு ஆயிடும்ப்பா" என்றேன். படிக்கிற பிள்ளை சொல்லுதே என்று கொடுத்துவிட்டார். அப்பா கொத்தனார், வேலை முடிந்து ராத்திரிதான் திரும்புவார். இரண்டு நாள் கழித்து, எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கச் சிதறி, ரோடே தெரியாமல் மண்ணில் வண்டியை இறக்கி விழுந்தார். முழங்கையில் அடி. பத்து நாள் கரண்டி பிடிக்க முடியவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "பூச்சி இருந்தப்பகூட ரோடு தெரிஞ்சுச்சேடா" என்றார், அவ்வளவுதான்.

புதுக் கண்ணாடி போட்ட பிறகு அதை அவர் என்னிடம் தருவதே இல்லை. வந்ததும் ஈரத்துண்டை அதன்மேல் போட்டுவிட்டுத்தான் கைகால் கழுவப் போகிறார்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு விண்ணப்பம். ஷெட் ஓரத்துக் குழாய் ராத்திரி பகலாக ஒழுகுகிறது. அதன் அடியில் ஒரு வாளியும், நாலு பழைய வேட்டித் துணியும் வைத்தால் போதும். வேட்டித் துணியை நான் கொண்டு வருகிறேன்.