பெரட்டு மணி எங்கே?

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. லங்காட் ஆறு கரை மீறி டெங்கிலுக்குள் புகுந்தது. உயிருக்கு ஆபத்தென்று பல இடங்களில் கரண்டை நிறுத்தினார்கள்; அது நியாயம்தான். ஆனால் சார்ஜ் இல்லாமல் போனும் செத்தால் யாரைக் கூப்பிடுவது?

தோட்டத்தில் மணி அடித்தால் லயமே எழுந்து நிற்கும். நடக்க முடியாத பாட்டி எந்த வீடு, பிள்ளைத்தாய்ச்சி எந்த வீடு என்று சின்னப் பையனும் சொல்வான். புத்ராஜெயாவுக்காக பிராங் பெசார் முதலிய 4 தோட்டங்களை விட்டு தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தோம், மணி வரவில்லை. மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் ஏது என்கிறார்கள். கீழே கரண்டு போனால் மேலேயும் இருட்டுதானே!

அரசாங்கம் குடும்பத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தது. வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் நாட்டின் மொத்த நட்டம் 610 கோடி வெள்ளி என்றது புள்ளிவிவரத் துறை.

தோழர்களே, டிசம்பருக்கு முன் ஒவ்வொரு புளோக்கிலும் ஒரு பெரட்டுப் புத்தகம் எழுதுவோம். தனியாக இருப்பவர், படுக்கையில் கிடப்பவர், இன்சுலின் ஊசி போடுபவர், அவர்களை யார் தூக்கி வருவது எல்லாம் அதில் இருக்கட்டும். போனில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். தண்ணீர் வடிந்ததும் ஒயர்மேன் பார்க்காமல் மெயின் சுவிட்சைத் தட்டாதீர்கள். மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டு போதும். அதைத் தேடிப் பிடிப்பது நம் இளைஞர்கள் பொறுப்பு.