கால அட்டவணையின் முதல் வரி தூக்கமாக இருக்கட்டும்

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால், எங்கள் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவில் பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளை மிகுதியாகக் காண்கிறோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகள் நெருங்கும் காலம் அது. ஒரு பிள்ளைக்குத் தலைவலி; மற்றொரு பிள்ளைக்குத் தலைச்சுற்றல்; இன்னொரு பிள்ளைக்குப் படித்தது மனத்தில் நிற்கவில்லை என்ற கவலை. மூளைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா, நினைவாற்றல் பெருக மாத்திரை ஏதேனும் உண்டா என்று பெற்றோர் கேட்கின்றனர். நாங்கள் பிள்ளையிடம் கேட்பது வேறொரு கேள்வி: நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தாய், இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய்? பன்னிரண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்ததாகப் பிள்ளை சொல்லும்போது, உடன் வந்தவரின் முகத்தில் சிறிது பெருமிதமும் தெரிகிறது. அந்தப் பெருமிதத்தோடுதான் எங்களுக்கு வழக்கு.

தேர்வுக்கு நேரம் போதவில்லை என்றவுடன் நம் வீடுகளில் முதலில் வெட்டப்படுவது தூக்கம். தனிப்பயிற்சி வகுப்பு குறைவதில்லை. அலைபேசி பார்க்கும் நேரமும் பெரும்பாலும் குறைவதில்லை. கேட்பாரற்றுக் கிடப்பது தூக்கம் ஒன்றுதான் என்பதால் அதில் கைவைக்கிறோம். எங்கள் கருத்து இதற்கு நேர்மாறானது. கால அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது தூக்கத்தின் நேரம். எஞ்சியதைத்தான் பாடங்களுக்குப் பங்கிட வேண்டும். பெற்றோர் காவல் காக்க வேண்டியது பிள்ளையின் புத்தகத்தை அன்று, அதன் உறக்கத்தை.

தூங்கும் மூளை சும்மா இருப்பதில்லை

பகலில் படிக்கும் பாடம் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் துணையோடு முதலில் பதிவாகிறது. அந்தப் பதிவு உறுதியற்றது. ஆழ்ந்த தூக்கத்தின்போது மூளை அப்பதிவுகளை மீண்டும் இயக்கிப் பார்த்து, புறணிப் பகுதியில் நிலைபெறச் செய்கிறது. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படிப்பது, நாற்றைப் பறித்து நடாமல் வரப்பிலேயே போட்டுவைப்பதற்கு ஒப்பானது. பறித்த உழைப்பு உண்மைதான், பயிர்தான் வேர்பிடிப்பதில்லை.

மன அழுத்தத்துக்கும் இதில் பங்குண்டு. தூக்கம் குறைந்த நாளில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதி எளிதில் கிளர்ந்தெழுகிறது. அதை நெறிப்படுத்த வேண்டிய முன்மூளையின் பிடி தளர்கிறது. அதனால் சிறு சொல்லும் பெரிதாகச் சுடுகிறது. தெரிந்த கணக்கில் கூட்டல் பிழை வருகிறது. அப்பிழையைக் கண்டு அச்சம் மிகுகிறது; அச்சம் மீண்டும் தூக்கத்தைக் கெடுக்கிறது. இச்சுழலில் பெற்றோர் எளிதாக அறுக்கக்கூடிய கண்ணி தூக்கமே.

13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இந்த வயதில் மெலட்டோனின் என்னும் உறக்கச் சுரப்பு இரவில் சற்றுத் தாமதமாகவே சுரக்கிறது. ஆகவே காலையில் எழ முடியாத பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது பொருந்தாது.

விடியற்காலைப் படிப்பும் இரவுக் காப்பியும்

விடியற்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்று பாட்டனும் பாட்டியும் சொல்லி வந்தனர். அதை நாங்கள் மறுக்கவில்லை. அவர்கள் எட்டரை, ஒன்பது மணிக்கே விளக்கணைத்துப் படுத்தவர்கள். ஏழெட்டு மணி நேரம் உறங்கிய பின் எழுந்தவர்கள். நாமோ அவ்வழக்கத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோம். பன்னிரண்டு மணிக்குப் படுத்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்புவது முன்னோர் வழக்கம் ஆகாது. விடியலில் படிக்க விரும்பும் பிள்ளையை ஒன்பது மணிக்கே படுக்கவிடுங்கள்; இரவில் படிக்க விரும்பும் பிள்ளையைக் காலையில் எழுப்பாதீர்கள். இரண்டையும் ஒரே பிள்ளையிடம் கேட்கக் கூடாது.

இரவு ஒன்பது மணிக்குக் கொடுக்கும் காப்பியில் உள்ள காஃபீனில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். படுத்தபின் தூக்கம் வந்தாலும் அது ஆழ்ந்த தூக்கமாக அமைவதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு காப்பி, தேநீர் தராமல் இருப்பது நலம். தலைவலிக்குக் கடையில் வாங்கிய வலிநிவாரணியும் அவ்வாறே: மாதத்தில் பாதி நாள் அதை விழுங்கினால் அம்மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும். நினைவாற்றல் மாத்திரை என்று விற்கப்படும் எதுவும் தூக்கத்தின் வேலையைச் செய்யாது.

காலையில் கைநழுவும் டம்ளர்

இத்தனை வலியுறுத்துவதற்கு எங்கள் துறை சார்ந்த காரணம் ஒன்றுண்டு. இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்றொரு நோய் பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டுகிறது. காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெடுக்கென்று உதறும். பல் துலக்கும் தூரிகையோ காப்பி டம்ளரோ கையிலிருந்து தெறித்து விழும். வீட்டார் அதை உடல்நலிவு என்றோ கவனமின்மை என்றோ எண்ணிவிடுகின்றனர். இந்நோயைத் தூண்டிவிடும் காரணங்களில் முதன்மையானது தூக்கக் குறைவு. சில நாள் கண்விழித்துப் படித்தபின், தேர்வு நாள் காலையிலேயே முழு வலிப்பு வந்து விழும் பிள்ளைகளும் உண்டு.

இத்தகைய உதறலைக் கண்டால் தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவு நோயை அறியத் துணைசெய்யும். பெரும்பாலோருக்கு மருந்தால் நன்கு கட்டுப்படும். ஏற்கெனவே வலிப்புக்கு மருந்து உண்ணும் பிள்ளைகள், தூக்கம் வருகிறது என்று தேர்வுக் காலத்தில் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்தைக் கடந்தும் நிற்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

அப்படியானால் படிப்பது எப்போது?

பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரியாததன்று. கட்-ஆஃப் மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் அரசுக் கல்லூரி இடம் கைநழுவிப் போகலாம். தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியிருக்காது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளையாகவும் இருக்கலாம். இந்நிலையில் தூங்கு என்று சொல்வது சில பெற்றோருக்கு மனம் வராத காரியம். ஆனால் அம்மதிப்பெண்ணைப் பெறுவதற்குத்தான் தூங்கச் சொல்கிறோம். கணக்குப் பார்த்தால் நேரம் இருப்பது தெரியும்.

பள்ளி நாளில் தூக்கத்துக்கு 8 மணி நேரம்; பள்ளி, சிறப்பு வகுப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு 9 மணி நேரம்; குளியல், உணவு முதலியவற்றுக்கு 2 மணி நேரம். எஞ்சுவது 5 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் விளையாட்டுக்கோ நடைக்கோ போனாலும் 4 மணி நேரம் படிக்கக் கிடைக்கிறது. அந்நான்கு மணி நேரமும் முழு விழிப்போடு அமைந்தால், அரைத் தூக்கத்தில் புரட்டும் ஏழு மணி நேரத்தைவிட மிகுதியான பயன் தரும்.

அந்நேரத்தை ஐம்பது நிமிடப் படிப்பும் பத்து நிமிட ஓய்வுமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே பாடத்தைப் பத்து முறை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதும், சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் எழுதிப் பார்ப்பதும் நெடுநாள் நிலைக்கும். பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி, வினாத்தாளைப் படிப்பதற்கு முதல் பத்து நிமிடம் போக, 1.15 மணி வரை நடைபெறுகிறது. விடுமுறை நாளில் அதே நேரத்தில் மாதிரி வினாத்தாள் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். இரவெல்லாம் விழித்துப் பகல் பத்து மணிக்குச் சோரும் வழக்கம் ஏற்பட்டுவிட்டால், தேர்வறையிலும் அச்சோர்வே வரும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

ஒற்றை அறை வீடுகள் பல உண்டென்பதை அறிவோம். அங்கே பிள்ளை தூங்க வேண்டுமானால் வீடு முழுவதும் தூங்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு இரவுத் தொடரைத் துறப்பது ஒரு குடும்பம் செய்யக்கூடிய உதவி. அலைபேசி பிள்ளையின் தலையணை அருகே இருக்க வேண்டாம். பெற்றோர் தம் அலைபேசியையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்தால் பிள்ளைக்கு மனத்தாங்கல் வராது.

தேர்வு எழுதி வந்த பிள்ளையிடம் வினாத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு மதிப்பெண் கூட்டிப் பார்க்க வேண்டாம். எழுதி முடித்தது மாறாது. அடுத்த தேர்வுக்கான அன்றிரவுத் தூக்கம்தான் கெடும். மாநிலத்தில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இலேயே கைவிட்டது. அரசு விட்ட ஒப்பீட்டை அடுத்த வீட்டுப் பிள்ளையை முன்னிறுத்தி நாம் தொடர வேண்டியதில்லை.

எல்லா அழுத்தமும் தூக்கத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, உணவை ஒதுக்கினாலோ, படுத்தும் உறக்கம் வராமல் தவித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். நான் இல்லாமல் போனால் நல்லது என்பதுபோன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது, சுமையை இறக்கி வைக்க வழி பிறக்கும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேர்ச்சி பெறாதவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவைப்பது, தோல்வியை வரவேற்பதாகாது. கதவு ஒன்று திறந்திருக்கிறது என்று காட்டுவதாகும்.

இன்றிரவு பிள்ளையோடு அமர்ந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரம், எழும் நேரம் இரண்டையும் பிள்ளையே தன் கையால் முதல் வரியில் எழுதட்டும். பாடங்களின் பெயர்கள் அதன் கீழே வரட்டும். பத்து மணி என்று எழுதியிருந்தால், பத்து மணிக்கு நீங்களே விளக்கை அணையுங்கள்.