சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி எத்தனை பணம்?

மாச்சு பிச்சுவுக்கு நடந்தே போவது என்று முடிவெடுத்த ஒருவர் முதலில் என்ன செய்வார்? கடைக்குப் போவார். கணுக்காலை மூடும் ஷூ, மழை இறங்காத ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், நெற்றியில் கட்டும் விளக்கு, ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல் (இரும்பு முனை பழைய கற்படிகளைச் சிதைக்கும் என்பதால் அங்கே அனுமதி இல்லை)... பட்டியல் அனுமார் வால் மாதிரி நீளும். அடுத்தது உடம்பு. காலையில் ஓட்டம், மாலையில் முதுகில் பையோடு மாடிப்படி. இதெல்லாம் முடிந்த பிறகுதான், எந்த நிறுவனத்தில் பதிவு செய்வது என்ற கேள்வியே வரும். அதற்குப் பெரும்பாலும் ஒரே அளவுகோல். எது மலிவு?

ஷூவுக்கு மூன்று வாரம் ஆராய்ச்சி, நிறுவனத்துக்கு மூன்று நிமிடம். இந்தப் பயணத்துக்கான தயாரிப்பு என்று ஊர் உலகத்தில் சொல்லப்படுவதன் கோளாறே இதுதான். மற்ற தயாரிப்பெல்லாம் பயணியின் வசதி சம்பந்தப்பட்டது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் இன்னொருவரின் முதுகெலும்பு சம்பந்தப்பட்டது.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். பெரு நாட்டில், மாச்சு பிச்சுவுக்குப் போகும் ரயில் தடத்தில் 82ஆவது கிலோமீட்டர் என்ற இடத்தில் இன்கா பாதை நடை தொடங்குகிறது. சுமார் 43 கிலோமீட்டர். நான்கு பகல், மூன்று இரவு. கிளம்பும் இடம் சுமார் 2,700 மீட்டர் உயரம். இரண்டாம் நாள் ஏற வேண்டிய வார்மிவான்யுஸ்கா கணவாய் 4,215 மீட்டர். கெச்சுவா மொழியில் 'இறந்த பெண்' என்று அர்த்தம். ஏறியதும் ஓய்வு கிடையாது. உடனே சுமார் 600 மீட்டர் கீழே, கற்படிகளில் இறக்கம். நான்காம் நாள் விடியலில் இன்டிபுங்கு எனும் சூரிய வாசல். அங்கிருந்து பார்த்தால் கீழே, சுமார் 2,430 மீட்டர் உயரத்தில், 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் கட்டிய நகரம்.

முதல் நாள் வரும் கிராமங்களைத் தாண்டிவிட்டால் கடை கிடையாது, ஓட்டல் கிடையாது, வண்டிப் பாதையும் கிடையாது. ஆனால் பயணிக்குச் சாயங்காலம் சூடான சூப் வருகிறது. மேசை, நாற்காலி போட்டுச் சாப்பாடு. காலையில் கூடார வாசலிலேயே கோகா இலைத் தேநீர். இதெல்லாம் எப்படி வந்தது?

ஆள் தூக்கி வந்தது. கூடாரம், அடுப்பு, காஸ் சிலிண்டர், அரிசி, முட்டை, மேசை, நாற்காலி எல்லாமே போர்ட்டர்களின் முதுகில்தான் வருகின்றன. குஸ்கோ வட்டாரத்து மலைக் கிராமங்களின் கெச்சுவா மொழி பேசும் விவசாயிகள்தான் பெரும்பாலான போர்ட்டர்கள். பயணிகளை விடப் பின்னால் கிளம்பி, வழியில் அவர்களை முந்தி, அவர்கள் வந்து சேர்வதற்குள் கூடாரம் அடித்துச் சமையலையும் தொடங்கிவிடுவார்கள். குளம்பு பட்டுக் கற்படிகள் பாழாகும் என்பதால் மலைப் பகுதியில் பொதி விலங்குகளுக்குத் தடை. கல்லைக் காப்பாற்றத் தடை போட்டது நல்ல காரியம்தான். ஆனால் கழுதை சுமந்ததை இப்போது யார் சுமக்கிறார்கள் என்று பயணி ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா?

அங்கே ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பயணிகள் சுமார் 200. மீதி 300 பேர் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள். ஒரு பயணி 'சொந்தக் காலில்' நடக்க ஒன்றரை ஆள் கூடவே நடக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படிக்கும் எவருக்கும் முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் பாடம், நிலையான செலவு, மாறுபடும் செலவு. இந்தப் பயணத்தை விற்கும் நிறுவனத்தின் கணக்கை அப்படிப் பிரித்தால் என்ன கிடைக்கும்? பாதைக்கான அனுமதிக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. மலிவு நிறுவனத்துக்கு ஒரு விலை, உசத்தி நிறுவனத்துக்கு ஒரு விலை என்று கிடையாது. திரும்பி வரும் ரயிலை இரண்டே கம்பெனிகள் ஓட்டுகின்றன. அங்கும் பெரிதாகப் பேரம் பேச வழியில்லை. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கும் கட்டணம் ஒன்றுதான்.

அப்படியென்றால் ஒரு நிறுவனம் பக்கத்துக் கடையை விடப் பாதி விலைக்கு விற்கிறது என்றால் அந்த டிஸ்கவுண்ட் எங்கிருந்து வருகிறது? மிச்சம் இருப்பது நாலே தலைப்புகள். வழிகாட்டி சம்பளம், சாப்பாடு, கூடாரம், போர்ட்டர் கூலி. இதில் பயணி கண்ணில் படும் மூன்றில் கை வைத்தால் புகார் வரும். சூப் ஆறியிருந்தால், கூடாரம் ஒழுகினால், வழிகாட்டிக்கு ஆங்கிலம் வராவிட்டால் பயணி எழுதித் தள்ளிவிடுவார். கண்ணில் படாத தலைப்பு ஒன்றுதான். 15 போர்ட்டர் வேண்டிய இடத்தில் 11 பேர் போதும் என்றால் நாலு பேர் கூலி லாபம். சுமை குறையாது, அந்த 11 பேர் முதுகில் பிரிந்து ஏறும். டிஸ்கவுண்டைக் கொடுத்தது நிறுவனமே இல்லை, அந்தப் போர்ட்டர்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2001ல் பெரு போட்ட சட்டம் ஒரு போர்ட்டருக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்தது. 2022ல் புதுச் சட்டமும் வந்தது. பாதையில் எடை போடும் சாவடியும் உண்டு. 20 கிலோ என்பதே சின்னச் சுமை இல்லை, கடையில் விற்கும் 25 கிலோ அரிசி மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைத் தூக்கிக்கொண்டு 4,215 மீட்டர் ஏற வேண்டும். ஆனால் எடை போடுவது எல்லா இடத்திலும் இல்லை. சாவடிக்கு முன்னால் ஒரு கணக்கு, தாண்டியபின் ஒரு கணக்கு என்று சுமை கைமாறுவதாகப் புகார்கள் பல முறை வந்திருக்கின்றன. சட்டம் தராசு வரைக்கும்தான் கூட வரும். அதற்கப்புறம் கூட வருவது பயணி மட்டும்தான்.

அடுத்த வாதம் இன்னும் பிரபலம். "அவங்க மலையிலேயே பிறந்தவங்க, பழகிய உடம்பு." பாதி உண்மை. ஆண்டிஸ் மக்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், உயரம் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் முழங்காலைக் காப்பாற்றாது. மூச்சு பழகலாம், எலும்பு தேயத்தான் செய்யும்.

மூன்றாவது வாதம், "நாங்கள் போகாவிட்டால் அவர்களுக்கு வேலையே இல்லை." போக வேண்டாம் என்று யார் சொன்னது? போங்கள், நியாயமான விலை கொடுத்துப் போங்கள் என்பதுதான் பேச்சு. வேலை கொடுப்பதே உபகாரம், கூலி அதற்கு மேல் ஒரு தானம் என்ற நினைப்பு எல்லா ஊர் முதலாளிக்கும் பிடித்த பாட்டு. அதை முதுகில் பை மாட்டிய மாணவனும் பாடுவதுதான் வேதனை.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. 1911 ஜூலை 24 அன்று ஹிராம் பிங்கம் மாச்சு பிச்சுவைப் பார்த்தார். அவருக்கு வழி காட்டியவர் மெல்சோர் ஆர்தேகா என்ற உள்ளூர் விவசாயி. கூலி ஒரு சோல். மேலே போனால் அங்கே ஏற்கெனவே குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன, கடைசிக் கொஞ்ச தூரம் கூட்டிப் போனது ஒரு சின்னப் பையன். இன்று மலையேறும் பஸ் சாலைக்குப் பிங்கம் பெயர், சொகுசு ரயிலுக்கும் பிங்கம் பெயர். ஆர்தேகா பெயரில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

கஞ்சத்தனம் இன்னொரு இடத்திலும் தலைகாட்டும். நாட்கள். கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து விமானத்தில் சுமார் 3,400 மீட்டர் உயர குஸ்கோவில் இறங்கி, மறுநாளே நடையைத் தொடங்கினால் ஓட்டல் வாடகை மிச்சம். 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயர நோய் முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடியவனுக்கும் இது வரும். உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உடம்பு பழக நாட்கள்தான் வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போய், முதலில் குஸ்கோவை விடத் தாழ்வான உருபம்பா, ஒய்யான்டாய்டாம்போ பக்கம் தங்குவது நல்லது. மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. அந்த இரண்டு நாள் வாடகையை மிச்சம் பிடித்தவர் கணவாயில் சுருண்டு விழுந்தால்? வண்டி வராது. போர்ட்டர்கள்தான் தூக்க வேண்டும். அதாவது, மிச்சம் பிடித்த வாடகையையும் அதே முதுகுதான் கட்டுகிறது.

அப்படியானால் உண்மையான தயாரிப்பு எது? பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். எங்கள் குழுவுக்கு எத்தனை போர்ட்டர்? நாள் கூலி எவ்வளவு, எப்போது கையில் கிடைக்கும்? அவர்களுக்குப் படுக்க விரிப்பும் தனிக் கூடாரமும் உண்டா, அல்லது பயணிகள் சாப்பிட்டு எழுந்த சாப்பாட்டுக் கூடாரத்தில்தான் படுக்க வேண்டுமா? என்ன சாப்பிடுவார்கள்? அடிபட்டால் காப்பீடு உண்டா? விலை அதிகம் வாங்குகிறவரெல்லாம் உத்தமர் என்று அர்த்தமில்லை. ஆகவே எல்லாரிடமும் கேட்க வேண்டும். ஒழுங்காக நடத்துகிறவர் எண்ணிக்கையோடு பதில் எழுதுவார். மற்றவர் "எங்கள் போர்ட்டர்கள் எங்கள் குடும்பம்" என்று எழுதுவார். குடும்பம் என்று பதில் வந்தால் கூலி குறைவு என்று புரிந்துகொள்ளலாம்.

பிறகு வீட்டிலேயே தராசு. போர்ட்டரிடம் கொடுக்கும் பைக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோ வரம்பு வைக்கின்றன, ஸ்லீப்பிங் பேக் உட்பட. நாலாவது ஜீன்ஸும் தடித்த நாவலும் வீட்டிலேயே இருக்கட்டும். கடைசி நாள் கொடுக்கும் அன்பளிப்புக்குச் சில்லறை நோட்டாகச் சோல் மாற்றி வைத்துக்கொண்டு, போர்ட்டர் கையிலேயே கொடுக்கலாம். ஆனால் அன்பளிப்பு வேறு, கூலி வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைக்க விடக்கூடாது.

இவ்வளவு செலவு கட்டாது என்றால்? தப்பே இல்லை. ஒய்யான்டாய்டாம்போவிலிருந்து ரயில் போகிறது. அதில் போனாலும் மாச்சு பிச்சு அதே மாச்சு பிச்சுதான். யார் முதுகிலும் ஏறாமல் போய்ப் பார்த்த திருப்தியும் மிஞ்சும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. சுமக்கக் கொடுத்தவன் புலம்பியது அது. சுமந்தவனைக் கேட்டு யாரும் பழமொழி செய்யவில்லை. இன்கா பாதைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் ஷூ வாங்கும் முன் அந்த முக்கால் பணத்தைத் தனியே எடுத்து வைக்கட்டும்.