பழி உப்புக்கு, பணம் கடைக்கு

“எந்த ஊருண்ணே?”

“வாலிநோக்கம்.”

“கடக்கரையா? அப்ப போர்டுதான்.”

லேப்டாப் இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குள் மதர்போர்டு போச்சு என்று தீர்ப்பு வந்துவிட்டது. இராமநாதபுரத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் மேசைகளில் இந்த வசனத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாடி பிடிக்காமல், ஊர்ப் பெயரைக் கேட்டே மருந்து எழுதும் வைத்தியம் இது. அண்மையில் ஒரு கடையில் அதை அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருந்தார்கள்: “கடலோரப் பகுதி லேப்டாப்புகளுக்கு உத்தரவாதம் கிடையாது.” எங்கள் ஊர்ச் சனமும் அதைப் படித்துத் தலையாட்டுகிறது. சார்ஜ் ஏறவில்லை என்று போனவர், ‘போர்டு வேலை’க்குச் சில ஆயிரங்களை எண்ணி வைத்துவிட்டு, உப்புக் காற்றைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறுகிறார். கடைக்காரர்கள் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம்: “உப்புக் காத்து போர்டைத் தின்னுடும்.”

எங்கள் காற்றில் உப்பு இருப்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தமிழக அரசு 1974-இல் தொடங்கிய உப்பு நிறுவனத்தின் பாத்திகள் மாரியூர்–வாலிநோக்கம் கரையில்தான் விரிந்து கிடக்கின்றன. அதே காற்றில்தான் எங்கள் வீட்டு டிவி ஓடுகிறது, செட்டாப் பாக்ஸ் ஓடுகிறது, இன்வெர்ட்டர் ஓடுகிறது. அவற்றுக்குள்ளும் போர்டுதான் இருக்கிறது. டிவி மெக்கானிக் யாரும் “கடக்கரையா?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

உப்பு எதையும் செய்யாது என்று சொல்லவில்லை. வெளியே தெரிகிற உலோகத்தில்தான் அது முதலில் பச்சை பூக்கும்: பிளக்கின் கால், சார்ஜர் முனை, லேப்டாப்பில் அது நுழைகிற ஜாக். ஐபிஏ எனப்படும் ஆல்கஹாலைத் தொட்டுச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடுகிற பச்சை அது. உப்பு முதலில் கை வைப்பது மிக மலிவான இடத்தில். பில் மட்டும் மிக விலையான இடத்துக்கு வருகிறது. இதே மேசைகளைத் திருப்பூரில் போட்டால் பஞ்சுத் தூசி போர்டைத் தின்னும், நெய்வேலியில் போட்டால் நிலக்கரித் தூள் தின்னும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது: “உங்க ஊர்ல லோ வோல்டேஜ், அதான் அடாப்டர் அடிபட்டிருச்சு.”

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே வாங்கும் மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரமே 100 வோல்ட்தான். அங்கேயும் அதே சார்ஜர்தான் ஓடுகிறது. எங்கள் தெருவில் மின்விசிறி மெல்லச் சுற்றுகிற இரவிலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சார்ஜரைக் கொல்வது கூடுதல் வோல்டேஜ். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வரலாம். ஆனால் அன்றைக்குத் தெருவில் பாதி வீட்டில் பல்பும் டிவியும் சேர்ந்தே போயிருக்கும். லேப்டாப் மட்டும் தனியாகச் சாகாது.

மூன்றாவது: “கவர்மென்ட் லேப்டாப்னா அப்படித்தான்.” 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும்தான் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது கடையில் விற்கும் கம்பெனிகளின் சரக்கு. மூடியில் படம் ஒட்டியதால் சார்ஜர் கெடாது.

இனி, எல்லாவற்றுக்கும் தாய் வாதம்: “சார்ஜ் ஏறலைன்னா போர்டு போச்சுன்னு அர்த்தம்.”

மின்சாரம் நடந்து வரும் பாதையைப் பாருங்கள். சுவர் சாக்கெட், அங்கிருந்து அடாப்டர் வரை வரும் தடித்த பவர் கார்டு, அடாப்டர் பெட்டி, மெல்லிய வயர், முனை, ஜாக். அதற்குப் பிறகுதான் போர்டு, அதைத் தாண்டி பேட்டரி. போர்டுக்கு முன்னால் ஆறு இடம் இருக்கிறது. ஆறையும் ஒரே தாவலில் தாண்டி ஏழாவது இடத்தில் போய் நிற்கிறார்கள் நம் நிபுணர்கள்.

சாக்கெட்டைச் சோதிக்க நிபுணர் வேண்டாம், போன் சார்ஜர் போதும். பவர் கார்டு பெரும்பாலான சார்ஜர்களில் கழற்றி மாட்டுகிற வகை; பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி மாட்டினால் தெரிந்துவிடும். விளக்கு உள்ள சார்ஜர் என்றால் அதைப் பாருங்கள். லேப்டாப்பில் மாட்டாமலேயே எரியவில்லையா? கோளாறு சார்ஜர் பக்கம். லேப்டாப்பைத் திறக்கவே வேலையில்லை. தனியாக எரிந்து, லேப்டாப்பில் செருகியதும் அணைகிறதா? அப்போது ஷார்ட் இருக்கலாம். போர்டைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால், ‘செருகினா அணையுதா?’ என்ற அந்தக் கேள்வியை மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அடுத்தது வயர். முனைக்குப் பக்கத்தில் சார்ஜரைச் சுற்றிச் சுற்றி மடித்து வைக்கிறோமே, அங்கேதான் உள்ளே கம்பி அறும். அசைத்தால் ஏறும், விட்டால் நிற்கும். அறுந்த இடத்தை வெட்டிப் புது முனை வயர் சால்டர் செய்தால் தீர்கிற வேலை. பிறகு மல்டிமீட்டர். பெரும்பாலான சார்ஜர்களில், லேப்டாப் மாடலைப் பொறுத்து முனையில் 19, 19.5 அல்லது 20 வோல்ட் காட்ட வேண்டும். மீட்டரில் சரியாகக் காட்டி, லேப்டாப்பில் மாட்டியதும் விழுந்துவிட்டால் அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். அதுவும் சார்ஜர்தான்.

இன்னொரு வேடிக்கை. டெல், எச்பி சார்ஜர் முனைகளின் நடுவில் ஊசிபோல ஒரு பின் இருக்கும். அது மின்சாரம் கொண்டுவருவதில்லை. ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்கிறது. அந்த ஒரு மெல்லிய கம்பி அறுந்தால் மீட்டரில் 19.5 வோல்ட் முழுதாக இருக்கும், லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. டெல் என்றால் ஆன் செய்ததும் அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையிலேயே எழுதிக் காட்டும். மெஷினே எழுதிக் காட்டியதையும் படிக்காமல் ‘போர்டு’ என்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, கோளாறே இல்லாத கோளாறு. சில லெனோவா மாடல்களில் 60 சதவீதத்திலும், புதியவற்றில் 80 பக்கத்திலும் சார்ஜ் நின்றுவிடும். பேட்டரி ஆயுளைக் காக்க கம்பெனியே வைத்த அமைப்பு அது. செட்டிங்கில் போய் அணைத்தால் நூறு ஏறும். இதற்குப் புது பேட்டரி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களும் உப்பைத்தான் திட்டினார்கள்.

இத்தனையும் தாண்டிய பிறகு மிஞ்சுவது ஜாக். பல மாடல்களில் அதுகூட போர்டில் ஒட்டியதில்லை. தனி வயரோடு வருகிற சின்ன பாகம், கழற்றி மாட்டலாம். மல்டிமீட்டரைத் தொடாமல் ‘போர்டு’ என்கிறவர் பரிசோதித்தது லேப்டாப்பை அல்ல, நம் முகவரியை.

“ஒரிஜினல் சார்ஜர் போடலைன்னா எரிஞ்சிரும்” என்பது அடுத்தது. 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று பழையதில் இருந்தால், புதியதிலும் வோல்ட் அதே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது கூட, முனை பொருந்த வேண்டும். கூடவே பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான் மந்திரம்.

“இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிருங்க” என்பவர்களுக்கு: கப்பலையே கரையேற்றித் தகடு தகடாகப் பிரித்து விலையாக்கிய ஊர் வாலிநோக்கம். ஒரு ஜாக்குக்காக முழு லேப்டாப்பையும் தூக்கிப் போடச் சொல்வதை எங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டாம். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசே 2022 டிசம்பர் 24-இல் தனி இணையதளம் திறந்திருக்கிறது.

கடைசியாக, “பில் போட்டா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும்ணே, பரவாயில்லையா?”

என்ன கரிசனம்! ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு உள்ள கடை, பில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும். ஆக, அந்த 18 சதவீதம் நமக்குக் காட்டுகிற பூச்சாண்டி. செய்த வேலைக்கு ரசீது தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பில் இல்லாமல் திரும்பியவருக்குத்தான் இதெல்லாம் சிரமம். பில் வேண்டாம் என்று அவர்கள் அவ்வளவு அன்பாகச் சொல்வதும் அதனால்தான்.

சோதித்துப் பார்க்கக் கூலி கேட்டால் கொடுக்கலாம், முன்கூட்டியே சொல்லியிருந்தால். என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று வேலை தொடங்கும் முன் எழுதி வாங்குங்கள். போர்டு மாற்றுகிறோம் என்றால், கழற்றிய பழைய போர்டைக் கையில் தர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். போனதாகச் சொன்ன பல போர்டுகள் அந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.